இரவில் நீளும் எலும்பு

1990களின் இறுதியில், அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் ஒரு சிறுவன் ஒவ்வொரு நாள் இரவும் தன் காலில் தானே ஊசி போட்டுக்கொண்டு படுக்கப் போவான். இன்று ஒரு கால் என்றால் நாளை மறுகால். பந்து அவனிடம் வந்துவிட்டால் அவனைவிட ஒரு தலை உயரமான பையன்களாலும் அதைப் பிடுங்க முடியாது. ஆனால் அணியில் வரிசையாக நிற்கச் சொன்னால் கடைசியில் நிற்பவன் அவன்தான். உடலுக்குத் தேவையான வளர்ச்சி ஹார்மோன் போதுமான அளவு சுரக்கவில்லை என்று மருத்துவர் கண்டுபிடித்திருந்தார். சிகிச்சைக்கு ஆகும் மாதச் செலவு அந்தக் குடும்பத்தால் தாங்கக்கூடியதாக இல்லை. 2000ஆம் ஆண்டு, 13 வயதில், அவன் ஸ்பெயினுக்குப் போனான். அங்கே பார்சிலோனா கிளப் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது. லியோனல் மெஸ்ஸி இன்று 170 சென்டிமீட்டர் உயரம்.

மெஸ்ஸியின் கதை எல்லோருக்கும் தெரியும். அந்த ஊசி ஏன் இரவில் போடப்பட்டது என்ற கேள்வியை மட்டும் யாரும் அதிகம் கேட்பதில்லை. வளர்ச்சி ஹார்மோன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு உலகெங்கும் மருத்துவர்கள் அந்த மருந்தை மாலையில் அல்லது படுக்கும் நேரத்தில் போடச் சொல்கிறார்கள். உடல் தானாகச் சுரக்கும்போது எந்த நேரத்தில் சுரக்குமோ, அதே நேரத்தில் மருந்தும் உள்ளே போகட்டும் என்பதுதான் காரணம். அந்த நேரம் எது என்பது தெரியவந்தது 1968இல்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தகாஹாஷி, கிப்னிஸ், டாகடே என்ற மூன்று ஆய்வாளர்கள் எட்டு இளைஞர்களைத் தங்கள் ஆய்வகத்தில் தூங்க வைத்தார்கள். மொத்தம் 38 இரவுகள். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்ய தலையில் ஒயர்கள். கையின் ரத்தநாளத்தில் ஒரு மெல்லிய குழாய். தூங்குபவரை எழுப்பாமலே இரவு முழுவதும் ரத்தம் எடுத்து, அதில் வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். பகலில் இருக்கும் இடம் தெரியாமல் கிடக்கும் அந்த ஹார்மோன், எட்டுப் பேரில் ஏழு பேருக்கு, ஆழ்ந்த உறக்கம் தொடங்கியதும் குபீரென்று ஏறியது. அந்த ஏற்றம் ஒன்றரை மணி முதல் மூன்றரை மணி நேரம் வரை நீடித்தது.

அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. சிலரைத் தாமதமாகத் தூங்க வைத்தார்கள். ஹார்மோனும் தாமதமாகவே ஏறியது. சிலரை நடுராத்திரியில் எழுப்பி, இரண்டு மூன்று மணி நேரம் விழிக்க வைத்து, மறுபடி தூங்கவிட்டார்கள். மறுபடி ஓர் ஏற்றம் வந்தது. ஆக, இந்தச் சுரப்பு கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை. ஆழ்ந்த உறக்கத்தைப் பின்தொடர்ந்து வருகிறது. "இரவு பத்திலிருந்து இரண்டு மணிக்குள் தூங்கினால்தான் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும்" என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்திக்கான மறுப்பு அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

அந்த மூவரில் டாகடேவுக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் உண்டு. 1957இல், சால்மன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து அவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். வளர்ச்சி ஹார்மோனை நேரடியாகக் குருத்தெலும்பின் மீது விட்டால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஹார்மோன் செலுத்தப்பட்ட எலியின் ரத்தநீரை விட்டால் குருத்தெலும்பு வேலையில் இறங்கியது. அப்படியென்றால் ஹார்மோன் உடலுக்குள் வேறு ஒரு தூதுவரை அனுப்புகிறது. அந்தத் தூதுவருக்கு இன்றைய பெயர் ஐ.ஜி.எஃப்-1. பெரும்பகுதி கல்லீரலில் உருவாகிறது. எலும்பின் உள்ளேயும் உருவாகிறது. மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி உத்தரவிட, கல்லீரல் அதை ஏற்று இந்தத் தூதுவரை உடலெங்கும் அனுப்ப, கடைசியில் வேலை நடக்கும் இடம் எலும்பின் முனை.

வளரும் பிள்ளையின் நீண்ட எலும்புகளின் இரு முனைகளையும் ஒட்டி மெல்லிய குருத்தெலும்புப் பட்டை ஒன்று இருக்கும். இதை வளர்தட்டு என்பார்கள். எக்ஸ்-ரே படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரியும். வளர்தட்டு மட்டும் கறுப்புக் கோடாகத் தெரியும். பார்ப்பவர்களுக்கு எலும்பு முறிந்திருப்பதாகக்கூடத் தோன்றும். அதற்குள் செல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த காசுகளைப்போல, தூண் தூணாக நிற்கின்றன. ஒரு பக்கம் புதுச் செல்கள் பிறந்துகொண்டே இருக்க, மறுபக்கத்துச் செல்கள் பருத்து, முதிர்ந்து, சுண்ணாம்பேறி எலும்பாகின்றன. ஒரு பிள்ளை உயரமாகிறது என்றால் இந்தத் தூண்கள் நீள்கின்றன என்று பொருள்.

இந்த நீட்சி எப்போது நடக்கிறது? 2004இல் விஸ்கான்சினைச் சேர்ந்த நூனன் குழுவினர் ஆட்டுக்குட்டிகளிடம் இதைக் கேட்டார்கள். குட்டிகளின் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில், வளர்தட்டை ஒட்டி, நுண்ணிய அளவுக் கருவிகளைப் பொருத்தினார்கள். குட்டி எப்போது நிற்கிறது, எப்போது படுத்திருக்கிறது என்பதையும் கூடவே பதிவு செய்தார்கள். எலும்பு நீண்டதில் குறைந்தது 90 சதவீதம், குட்டி படுத்திருந்த நேரத்தில் நடந்திருந்தது. நிற்கும்போதும் ஓடும்போதும் உடலின் எடை வளர்தட்டை அழுத்துகிறது. படுத்ததும் அழுத்தம் விலகுகிறது, தட்டு விரிகிறது.

ஆட்டுக்குட்டி மனிதக் குழந்தை அல்ல. படுத்திருப்பதும் தூங்குவதும் ஒன்றல்ல. இந்த இரண்டு எச்சரிக்கைகளையும் மனதில் வைத்துக்கொண்டே பார்த்தாலும் இந்தச் சோதனை வியக்க வைக்கிறது. பகலெல்லாம் குதித்தாடிய பிள்ளை, இரவில் "கால் குடையுது" என்று அழ, அம்மா எழுந்து எண்ணெய் தேய்த்துவிடும் காட்சி நம் வீடுகளில் புதிதல்ல. அந்த இரவு வலிக்கும் இந்த நீட்சிக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வியிலிருந்துதான் நூனன் குழு தன் ஆய்வையே தொடங்கியது.

மனிதக் குழந்தைகளிடமும் ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. மானுடவியலாளர் மிஷெல் லாம்ப்ல், குழந்தைகள் ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் வளர்வதில்லை என்று 1992இல் காட்டினார். பல நாள் அசையாமல் இருந்து, திடீரென ஒரே நாளில் ஒரு தாவல், மறுபடி அமைதி. 2011இல் அவரும் ஜான்சனும் 23 கைக்குழந்தைகளின் தூக்கத்தையும் நீளத்தையும் ஒப்பிட்டார்கள். குழந்தை வழக்கத்தைவிட அதிகம் தூங்கிய நாட்களை அடுத்து, இரண்டு நாட்களுக்குள், வளர்ச்சித் தாவல் வரும் வாய்ப்பு கூடியிருந்தது.

இனி பதின்பருவத்துக்கு வருவோம். இந்த நூலின் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

பருவமடைதலே ஓர் இரவு நிகழ்வாகத் தொடங்குகிறது. 1972இல் பாயர் என்பவரின் தலைமையில் நடந்த ஆய்வில் இது தெரியவந்தது. சினைப்பையையும் விரையையும் தட்டி எழுப்பும் எல்.எச். ஹார்மோன், பருவம் தொடங்கும் பிள்ளைகளிடம் தூக்கத்தின்போது மட்டும் துள்ளித் துள்ளிச் சுரக்கிறது. சிறு குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் இப்படி ஓர் இரவு-பகல் வேறுபாடு இல்லை. இந்தச் சுரப்பால் பிறக்கும் பாலின ஹார்மோன்கள் வளர்ச்சி ஹார்மோனின் அளவை இரண்டு மூன்று மடங்கு உயர்த்துகின்றன. அதன் விளைவைத்தான் அப்பாக்கள் வாசல் நிலைப்படியில் பென்சிலால் கோடு போட்டுப் பார்க்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 12 வயதிலும் பையன்களுக்கு 14 வயதிலும் வளர்ச்சி உச்ச வேகத்தை எட்டுகிறது. அந்த ஓராண்டில் பெண்கள் 8 முதல் 9 சென்டிமீட்டரும் பையன்கள் 9 முதல் 10 சென்டிமீட்டரும் உயரலாம்.

திறந்த அந்தக் கதவை மூடுவதும் பாலின ஹார்மோன்தான். அதிலும் ஈஸ்ட்ரோஜன், பையன்களிடமும் ஈஸ்ட்ரோஜன்தான். 1994இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பு இதை ஐயமின்றி நிறுவியது. ஈஸ்ட்ரோஜனை உணரும் திறன் பிறவியிலேயே இல்லாத ஓர் ஆண், 28 வயதில் 204 சென்டிமீட்டர் உயரத்தில், வளர்தட்டு மூடாமல் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். மற்ற எல்லோருக்கும் அந்தக் கறுப்புக் கோடு ஒருநாள் மறைந்துவிடும். அதன்பின் எந்த மருந்தும் எந்தத் தூக்கமும் ஒரு மில்லிமீட்டர்கூட எலும்பை நீட்டாது.

இவ்வளவும் படித்துவிட்டு, பிள்ளையை அதிகம் தூங்க வைத்தால் அதிகம் உயரும் என்று ஒரு பெற்றோர் முடிவு கட்டினால், அது தவறு. இந்த இடத்தில் நிதானம் வேண்டும். மனிதர்களிடையே உயரத்தில் காணும் வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் மரபணுக்களால் வருகிறது. உடலுக்கு ஈடுகட்டும் திறனும் உண்டு. 2000இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் ஆய்வாளர்கள் பத்து ஆண்களை ஓர் இரவு முழுவதும் தூங்கவிடவில்லை. இரவில் வரவேண்டிய பெரிய சுரப்பு வரவில்லை. ஆனால் மறுநாள் பகலில் சிறு சிறு சுரப்புகளாகப் பிரிந்து வந்து, 24 மணி நேரக் கணக்கில் மொத்தம் ஏறக்குறைய அதே அளவாகிவிட்டது. ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஒரு ராத்திரி தூக்கம் கெட்டதால் எந்தப் பிள்ளையும் குள்ளமாவதில்லை. பெற்றோரின் உயரம் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டி தூக்கம் யாரையும் உயர்த்தியதாகவும் சான்று இல்லை. உயரம் கூட்டித் தருவதாகச் சொல்லி விற்கப்படும் பவுடர்களுக்கும் மாத்திரைகளுக்கும் இதே பதில்தான்.

கடும் பயிற்சி வளர்ச்சியைத் தடுத்துவிடும் என்ற பயமும் இதே ரகம். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகள் குள்ளமாக இருப்பதைப் பார்த்து எழுந்த பயம் அது. 2013இல் வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் மலீனாவும் சக நிபுணர்களும் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் அலசி, பயிற்சியால் இறுதி உயரம் குறைவதாகச் சான்று இல்லை என்று முடிவுக்கு வந்தார்கள். குள்ளமான பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டு வாகாக இருப்பதால் அவர்கள் அதில் நிலைக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் தூக்கம் நாள் கணக்கில் அல்லாமல், மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவமனைகளில் ஒரு விடை இருக்கிறது. தொண்டைச் சதையும் மூக்கின் பின்புறச் சதையும் பெருத்து, இரவில் மூச்சு அடைபடும் பிள்ளைகள் உண்டு. சத்தமாகக் குறட்டை விடுவார்கள், வாயால் மூச்சு விடுவார்கள், அடிக்கடி விழிப்பார்கள், பகலில் சுருண்டு கிடப்பார்கள் அல்லது நிலைகொள்ளாமல் அலைவார்கள். இவர்களில் பலர் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாமல் இருப்பார்கள். அந்தச் சதையை அறுவை செய்து அகற்றியபின் ஐ.ஜி.எஃப்-1 அளவு கூடுவதையும், உயரமும் எடையும் பிடிக்கத் தொடங்குவதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விளையாட்டுப் பிள்ளை தினமும் குறட்டை விட்டால், "அசதியில் தூங்குது" என்று விட்டுவிடாமல் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

உயரத்தைவிட அவசரமான விஷயம் வேறொன்று இருக்கிறது. அது காயம்.

வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டில் எலும்பு முதலில் நீள்கிறது. அதில் தாது நிரம்புவது சில மாதங்கள் பின்தங்கியே வருகிறது. கனடாவின் சஸ்காட்சுவானில் பிள்ளைகளை ஆண்டாண்டாகப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, வயதுவந்தவரின் எலும்புத் தாதுவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, உச்சத்தையொட்டிய இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது என்று காட்டியது. நீளம் வந்து உறுதி வராத அந்த இடைவெளியில் எலும்பு எளிதில் முறிகிறது. தசையும் தசைநாரும் புது நீளத்துக்கு இன்னும் பழகியிருக்காது. ஓட்டத்திலும் தாவலிலும் அவை இழுக்கும் இழுப்பு நேராக வளர்தட்டில் விழுகிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, எலும்பு புடைத்து, தொட்டாலே வலிக்கும் நிலையை 1903இலேயே ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியாக விவரித்தார்கள். இன்றும் அவர்கள் பெயரால்தான் அது அழைக்கப்படுகிறது. கால்பந்து, கூடைப்பந்து, வாலிபால் ஆடும் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளைக் கேளுங்கள், அணிக்கு ஒருவராவது இந்த வலியைச் சொல்வார்.

இந்த வயதில் காயத்தை முன்கூட்டிச் சொல்லும் அடையாளம் எது? லாஸ் ஏஞ்சலஸில் மிலெவ்ஸ்கி என்ற எலும்பு மருத்துவரும் சகாக்களும் ஒரு பள்ளியின் 112 விளையாட்டு மாணவர்களிடம் இதைத் தேடினார்கள். 2014இல் வெளியான முடிவு பயிற்சியாளர்களை யோசிக்க வைத்திருக்க வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி, எத்தனை விளையாட்டு, ஜிம் உண்டா, தனிப் பயிற்சியாளர் உண்டா ஆகிய எதுவும் காயத்தோடு உறுதியாகப் பொருந்தவில்லை. பொருந்தியவை இரண்டு: மேல்வகுப்பில் இருப்பது, குறைவாகத் தூங்குவது. எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்கள் மற்றவர்களைவிட 1.7 மடங்கு காயம்படும் வாய்ப்போடு இருந்தார்கள். ஸ்வீடனின் விளையாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் 340 பேரிடம் வான் ரோசன் குழு நடத்திய ஆய்விலும், வார நாட்களில் எட்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களுக்குப் புதுக் காயம் வரும் வாய்ப்பு 61 சதவீதம் குறைந்திருந்தது. இவை எல்லாம் பொருத்தங்கள்தான். தூக்கக் குறைவுதான் காலை உடைத்தது என்று நேரடியாக நிரூபிப்பவை அல்ல. இருந்தாலும் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு விளையாட்டில், ஒரே திசையைக் காட்டும்போது அதைத் தள்ளிவிடக் கூடாது.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதும் ஓரளவு தெரிகிறது. 2021இல் ஆஸ்திரேலியாவில் லமோன் குழு 13 இளைஞர்களை ஓர் இரவு விழிக்க வைத்தபோது, தசைப் புரதம் உருவாகும் வேகம் 18 சதவீதம் குறைந்தது. தசையைக் கரைக்கும் கார்ட்டிசால் 21 சதவீதம் கூடியது, தசையைக் கட்டும் டெஸ்டோஸ்டிரோன் 24 சதவீதம் குறைந்தது. அவர்கள் வயதுவந்தவர்கள். பதின்பருவத்தாரை இப்படிச் சோதிப்பதற்குத் தடைகள் அதிகம். ஆனால் வளர்ந்து முடித்த உடலுக்கே ஒரு ராத்திரியில் இந்த நிலை என்றால், பகலின் பயிற்சியிலிருந்து மீளவும் வேண்டும், கூடவே வளரவும் வேண்டும் என்று இரட்டைச் சுமை சுமக்கும் 14 வயது உடலைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியாது.

இந்தப் பிள்ளைகள் ஏன் சீக்கிரம் படுப்பதில்லை? எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி இது. சோம்பேறித்தனம், செல்போன், அடம் என்று எல்லா வீட்டிலும் ஒரே பதில்களும் கிடைக்கும். செல்போனுக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் செல்போன் நம் கைக்கு வருவதற்கு முன்பே தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கடான் வேறொரு பதிலைத் தேடிப் புறப்பட்டுவிட்டார்.

1976இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவர் பிள்ளைகளுக்கான கோடைகாலத் தூக்க முகாம் ஒன்றைத் தொடங்கினார். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் ஆண்டுதோறும் வந்து தங்கினார்கள். இரவு பத்து மணி நேரம் படுக்கையில் இருக்க விட்டார்கள். வயது ஏற ஏறத் தூக்கத்தின் தேவை குறையும், பெரிய பிள்ளைகள் தாங்களாகவே சீக்கிரம் எழுந்துவிடுவார்கள் என்றுதான் எதிர்பார்ப்பு. அப்படி நடக்கவில்லை. சிறுவர்களானாலும் வளர்ந்தவர்களானாலும் சராசரியாக ஒன்பதேகால் மணி நேரம் தூங்கினார்கள். அதோடு, அதே அளவு தூங்கியும், பருவம் முதிர்ந்த பிள்ளைகளுக்குப் பகலில் கண்ணைக் கட்டுவது கூடியிருந்தது. பின்னர் பிரவுன் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்த ஆய்வுகளில், பருவம் முன்னேற முன்னேற உடல் கடிகாரமே பின்னோக்கித் தள்ளிப்போகிறது என்று தெளிவானது. தூக்கத்துக்கு முன்னறிவிப்பான மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. காலையிலும் தாமதமாகவே அடங்குகிறது. பதினைந்து வயதுப் பிள்ளை பதினொரு மணிக்கு முன் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும்.

இந்த உடலைக் கொண்டுபோய் தமிழ்நாட்டின் கால அட்டவணையில் வைத்துப் பார்க்கலாம். ஐந்தரை மணிக்கு கிரவுண்டில் நிற்க வேண்டும். அதற்கு நாலே முக்காலுக்கு எழ வேண்டும். வார்ம்-அப், ஓட்டம், பயிற்சி முடித்து வீட்டுக்கு ஓடி, குளித்து, பள்ளி. பள்ளி முடிந்து மறுபடி கிரவுண்ட் அல்லது டியூஷன், சிலருக்கு இரண்டும். வீட்டுப்பாடம் முடியும்போது மணி பத்தரை, பதினொன்று. பதினொன்றரைக்குக் கண் மூடினால் கையில் இருப்பது ஐந்தேகால் மணி நேரம். பெண் பிள்ளை என்றால், வாசல் தெளித்துத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் பயிற்சிக்கு வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு அதிலும் அரைமணி போய்விடும்.

விடியற்காலைப் பயிற்சிக்கு நியாயம் இல்லாமல் இல்லை. நம் வெயில் அப்படி. ஏழரை மணிக்கு மேல் ஓடவிட்டால் பிள்ளைகள் சுருண்டு விழுவார்கள். ஒன்பது மணிக்குப் பள்ளி தொடங்கிவிடும். பல ஊர்களில் ஒரே மைதானத்தைப் பல அணிகள் பங்குபோட வேண்டும். கூடுதல் சம்பளம் எதுவும் இல்லாமல் நாலரை மணிக்கு எழுந்து வந்து விசில் ஊதும் பி.டி. ஆசிரியர்களால்தான் எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகள் மாநில அணி வரை போயிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வது நன்றிகெட்ட செயல். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு: அந்த ஐந்தேகால் மணி நேரத்தில் வெட்டுப்படுவது எது என்று.

ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில் வந்துவிடுகிறது. எனவே சீக்கிரம் எழுப்பினாலும் வளர்ச்சி ஹார்மோனின் பெரிய சுரப்பு பெரும்பாலும் முடிந்திருக்கும். பறிபோவது இரவின் பின்பகுதி. அந்தப் பின்பகுதியில்தான் கனவுத் தூக்கம் அதிகம். கை கால்கள் கற்ற புது அசைவுகளை மூளை பதித்துக்கொள்ளும் மிதமான தூக்கமும் அங்கே அதிகம். 2002இல் ஹார்வர்டில் மேத்யூ வாக்கர் குழு, விரல்களால் ஒரு வரிசையை வேகமாகத் தட்டப் பழக்கியது. பழகிவிட்டு பகல் முழுவதும் விழித்திருந்தவர்களிடம் பெரிய முன்னேற்றம் இல்லை. தூங்கி எழுந்தவர்கள், இடையில் ஒருமுறைகூடப் பழகாமல், 20 சதவீதம் வேகமானார்கள். அந்த முன்னேற்றம் இரவின் கடைசிக் கால்பகுதியில் வரும் தூக்கத்தோடுதான் பொருந்தியது. புதுசாகக் கற்ற சர்வீஸையோ ஈட்டி எறியும் காலடியையோ மூளை பதிய வைக்கும் நேரத்தில் பிள்ளையை எழுப்பி, அதே சர்வீஸைப் பழக கிரவுண்டுக்கு அனுப்புகிறோம்.

நீட்டித்துத் தூங்கினால் ஆட்டம் மாறுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஆய்வாளர் செரி மா, கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை ஐந்து முதல் ஏழு வாரம் வரை, தினமும் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார். 2011இல் வெளியான முடிவு: கோர்ட்டில் குறிப்பிட்ட தூரத்தை ஓடும் நேரம் 16.2 விநாடியிலிருந்து 15.5 விநாடியாகக் குறைந்தது. ஃப்ரீ-த்ரோ துல்லியம் 9 சதவீதம் கூடியது. மூன்று புள்ளி வீச்சும் அதேபோல. சிறிய ஆய்வுதான். ஒப்பிட வேறு குழு இல்லை. ஆனாலும் இளம் வீரர்கள் தங்களுக்கே தெரியாமல் எவ்வளவு தூக்கக் கடனோடு ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பது அதில் வெளிப்பட்டது.

பள்ளி நேரத்தையோ பயிற்சி நேரத்தையோ மாற்றினால் பிள்ளைகள் அந்த நேரத்தைத் தூக்கத்துக்கா தருவார்கள், இன்னும் கொஞ்சம் போன் பார்க்க மாட்டார்களா என்று கேட்கலாம். சியாட்டில் நகரம் அதற்குப் பதில் வைத்திருக்கிறது. 2016இல் அங்கே உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரம் 7:50லிருந்து 8:45க்கு மாற்றப்பட்டது. கையில் கருவி கட்டி அளந்ததில் மாணவர்களின் தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. கலிஃபோர்னியா 2019இல் சட்டமே இயற்றியது. 2022 முதல் அங்கே பொது உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது. பள்ளி மணி அங்கே சிக்கல். நம் ஊரில் பள்ளி மணி அவ்வளவு மோசமில்லை. அதற்கு முன்னும் பின்னும் நாம் அடைத்துவைக்கும் பயிற்சியும் டியூஷனும்தான் சிக்கல். அதற்குச் சட்டம் தேவையில்லை. ஒரு கோச்சும் இரண்டு பெற்றோரும் உட்கார்ந்து பேசினாலே போதும்.

பேச வேண்டியவையும் அதிகமில்லை. காலைப் பயிற்சியை வாரத்தில் ஆறு நாளிலிருந்து மூன்று நாளாக்கி, மற்ற நாட்களை மாலைக்கு மாற்ற முடியுமா? பயிற்சி உள்ள நாளில் டியூஷனைத் தவிர்க்க முடியுமா? ஹாஸ்டலில் எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது, அணைந்தபின் போன் எங்கே இருக்கிறது? மதியச் சாப்பாட்டுக்குப்பின் இருபது முப்பது நிமிடம் கண்ணயர இடம் உண்டா? மாலை ஆறு மணிக்கு மேல் காபி, டீ, எனர்ஜி டிரிங்க் யார் கொடுக்கிறார்கள்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து குறித்தால், யார் வளர்ச்சி உச்சத்தில் இருக்கிறார் என்பது தெரிந்துவிடும். அந்த மாதங்களில் அவருக்குத் தாவலையும் ஓட்டத்தையும் குறைத்து, தூக்கத்தைக் கூட்ட வேண்டும். ஒரு நோட்டும் டேப்பும் போதும், லேப் எதுவும் வேண்டாம். கூடவே சோற்றையும் பார்க்க வேண்டும். எரிக்கும் அளவுக்குச் சாப்பிடாத பிள்ளை எவ்வளவு தூங்கினாலும் எலும்பு கட்டாது. மாதவிடாய் நின்றுபோகும் வீராங்கனைகளின் கதை பெரும்பாலும் இதுதான். அதைப் பற்றி அடுத்த அத்தியாயத்தில் விரிவாகப் பார்ப்போம்.

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் நிபுணர்களைக் கூட்டி முடிவு செய்த அளவு இது: 13 முதல் 18 வயது வரை, 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். பயிற்சி செய்யாத சாதாரணப் பிள்ளைக்கே இவ்வளவு. உங்கள் அணியில் இருக்கும் பிள்ளைகளிடம் நாளைக் காலை ஓட்டத்துக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய், எத்தனை மணிக்கு எழுந்தாய்? எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகச் சொல்பவர் பாதிக்கு மேல் இருந்தால், மாற்ற வேண்டியது பயிற்சி அட்டவணையை. எத்தனை சுற்று ஓட வேண்டும் என்று எழுதியிருக்கும் தாளிலேயே, எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும் என்பதையும் எழுதிவையுங்கள்.